இன்னும் ஒரு டம்ளர்

விமலாராணி வீட்டுச் சமையலறை வாசற்காலில் நீல மார்க்கரால் போட்ட ஒரு கோடு உண்டு. தரையிலிருந்து சரியாக நூற்று நான்கு சென்டிமீட்டர். மற்ற வீடுகளில் பிள்ளை வளர வளரப் புதுக்கோடு போட்டுக்கொண்டே போவார்கள், பெருமையாகத் தேதியும் எழுதி வைப்பார்கள். இந்த வீட்டில் ஒரே கோடுதான். அதைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டியவள் மகள் லின்சி. அவளுக்கு ஏழு வயது ஆகப்போகிறது.

எல்லாம் இரண்டு வருடத்துக்கு முன்னால், கருமத்தம்பட்டி மாதா கோயில் தேர் நோம்பியில் ஆரம்பித்தது. லின்சி சம்மனசு வேடம் போட்டு, முதுகில் காகித இறக்கையோடு தேருக்கு முன்னால் நடந்து வந்தாள். திருப்பூரிலிருந்து வந்திருந்த சபரீஷ் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பனியன் கம்பெனிகளுக்குப் போட்டோ எடுக்கப் பிள்ளைகளைப் பிடித்துக் கொடுக்கிற கோஆர்டினேட்டர் அவர். பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்கிறார் என்று விமலாராணி நினைத்துக்கொண்டாள். அவர் பார்த்தது உயரத்தை. மாட்டுச் சந்தைத் தரகருக்குப் பல்லைப் பார்த்ததும் வயது தெரிகிற மாதிரி அவருக்குப் பிள்ளையைப் பார்த்ததும் சென்டிமீட்டர் தெரியும்.

சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அங்கேயே அளந்தார். "நூத்தி நாலுங்க! அச்சு அசலா நூத்தி நாலு!" என்றார். "எக்ஸ்போர்ட்டுல சாம்பிள் ஒரே சைஸுலதானுங்க தைப்பாங்க. பொம்பளப் புள்ளைன்னா நூத்தி நாலு. அந்த அளவுல இருக்கற புள்ளைக்குத்தான் போட்டோ. மூஞ்சி அப்புறமுங்க, அளவு மொதல்ல."

"எத்தன நாளைக்குங்க எடுப்பாங்க?"

"ஒரு வருஷம் ஓடுமுங்க. பொறவு புள்ள வளந்துரும். நாங்க வேற புள்ள பாத்துக்குவோம்."

"புள்ள வளராமயே இருந்தா எப்படிங்க?"

சபரீஷ் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். "அப்ப ராணியாட்ட இருக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, சுண்டல் வாங்கப் போய்விட்டார். அவர் அன்றைக்கே அதை மறந்துவிட்டார். விமலாராணி மறக்கவில்லை.

முதல் போட்டோ ஏப்ரலில். வெளிநாட்டுக் குளிர்காலத் துணியை நம் ஊர்க் கோடை வெயிலில்தான் எடுப்பார்கள். கம்பளிக் குல்லாய், கழுத்துக்குத் துணி, முழங்கால் வரை ஜாக்கெட். முடி பறக்கும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டார்கள். மற்ற பிள்ளைகள் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணிக் குல்லாயைப் பிடுங்கி எறிந்தன. லின்சி மட்டும் சொன்ன இடத்தில் நின்றாள், சொன்ன பக்கம் திரும்பினாள், வியர்வை கண்ணில் இறங்கியபோதும் சிரித்தாள். "தங்கமான புள்ளைங்க" என்று எல்லோரும் சொன்னார்கள். சொன்னதைக் கேட்கிற பிள்ளைக்கு இந்த உலகத்தில் கிடைக்கிற பட்டம் அதுதான். அதற்கு அப்புறம் கிடைப்பதெல்லாம் வேறு.

அந்தப் படம் அட்டைப் பெட்டியில் அச்சாகி வந்தது. அடுத்து கோயமுத்தூர் துணிக்கடை ஒன்றின் தீபாவளி விளம்பரம். அவினாசி ரோட்டில் பேனர் கட்டினார்கள். அதுவரைக்கும் கோயிலில் விமலாராணியை "தறிக்குடோன் ஃபிட்டர் பொண்டாட்டி" என்றுதான் சொல்வார்கள், பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. இப்போது "லின்சியோட அம்மா" என்று நகர்ந்து பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். சாமியாரே ஒருநாள் நிறுத்தி விசாரித்தார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, பெயர் வேண்டும் என்று யாருக்குத்தான் ஆசை இல்லை? ஆனால் அந்த ஆசையைப் பெற்ற பிள்ளையின் வயிற்றில் கை வைத்துத் தீர்த்துக்கொண்டாளே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

முதலில் பாலை நிறுத்தினாள். பிறகு முட்டை. பிறகு வாழைப்பழம், பருப்பு, ராகிக்களி என்று எலும்புக்குச் சேர்கிறது எதுவோ அதெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிலிருந்து இறங்கியது. வரக்காப்பி குடித்தால் பிள்ளை வளராது என்று யாரோ சின்ன வயதில் அவளை மிரட்டியிருக்கிறார்கள். மற்றவர்கள் பிள்ளையைக் காப்பியிலிருந்து விலக்கச் சொல்கிற பேச்சு அது. விமலாராணி அதையே மருந்தாக எடுத்துக்கொண்டாள். காலையில் ஒரு டம்ளர், பொழுது சாய ஒரு டம்ளர், பால் இல்லாத கறுப்புக் காப்பி. தலையில் பாரம் ஏற்றினால் உயரம் ஏறாது என்பதும் அதே மாதிரிக் கேட்ட சேதிதான். தினமும் அரை மணி நேரம் புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு லின்சி வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தாள். கேட்டவர்களுக்கு, "ராம்ப் வாக் பழக்கறேனுங்க" என்று பதில் வந்தது.

பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்குப் பாலும் முட்டையும் ஒத்துக்காது, அலர்ஜி என்று எழுதிக் கொடுத்தாள். டீச்சர் நல்லவள், அப்படியே நம்பினாள். யாருடைய பிறந்தநாளுக்குச் சாக்லெட் கொடுத்தாலும் லின்சியைத் தாண்டிப் போகச் சொன்னாள். கேக் வெட்டுகிற நாளில் அவளை முதல் பெஞ்சிலிருந்து எழுப்பிக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தாள், பார்த்துப் பிள்ளை ஏங்கக் கூடாது என்று. எல்லோருமே இப்படி நல்லவர்களாகத்தான் இருந்தார்கள்.

அப்பன் தேவதாஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். தறிச் சத்தத்தில் பாதிக் காது போனவர், மீதிக் காதை அவராகவே மூடிக்கொண்டார். ஒருநாள் மட்டும் வாயைத் திறந்தார்.

"ஏம்மிணி, புள்ள எலும்பும் தோலுமா ஆயிருச்சே. ஒரு முட்டையாச்சும் அவிச்சுக் குடேன்."

"ஏனுங்க, உங்களுக்கு என்னங்க தெரியும்? அவ உடம்பு வாகு அது. டிவில வரப்போற புள்ளைங்க அவ. உங்களாட்டத் தறி ஓட்டறதுக்கா பெத்துப்போட்டேன்?"

தேவதாஸ் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நல்ல மனுஷன் என்று ஊரில் பெயர் எடுத்தவர் அவர். நாலு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் அந்தப் பெயர் கெட்டிருக்கும், பிள்ளையின் வயிறு நிறைந்திருக்கும்.

எவ்வளவு கட்டிப் போட்டும் பிள்ளை இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்துவிட்டாள். உயிர் இருக்கிற உடம்பு, அதற்குச் சட்டம் தெரியுமா? நூற்று ஆறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அளந்தபோது அதைக் கண்ட விமலாராணி, தலையில் வைத்த ஸ்கேலை மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். லின்சி வலிக்கிறது என்று சொல்லவில்லை. "சாரிம்மா" என்றாள்.

நூற்று ஆறு வரைக்கும் சாம்பிளில் ஒப்பேற்றலாம், அதற்கு மேல் முடியாது என்று சபரீஷ் சொல்லிவிட்டார். இரவு இட்லி இரண்டிலிருந்து ஒன்றாயிற்று. இனி திருப்பூர் முடிந்தது, டிவியில் ஏறினால்தான் உண்டு என்று விமலாராணி மாதாவிடம் மெழுகுவர்த்தி ஏற்றி மன்றாடிக்கொண்டிருந்தபோதுதான் அந்த போன் வந்தது.

"ஏனுங்க விமலாக்கா, பெரிய வேலைங்க" என்றார் சபரீஷ். "டிவி விளம்பரம். புள்ளைங்களுக்குப் பால்ல கலந்து குடுக்கற சத்து மாவு. புதுக் கம்பெனி. லின்சி போட்டோவப் பாத்ததுமே டைரக்டரு இந்தப் புள்ளைதான்னு சொல்லிப்போட்டாருங்க."

விமலாராணி போனைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில் அழுத அழுகை. அதில் கொஞ்சமும் பொய் இல்லை.

சாயிபாபா காலனியில் ஒரு பங்களாவை வாடகைக்கு எடுத்து, அதன் சமையலறையில் ஷூட்டிங் வைத்திருந்தார்கள். காலை ஏழு மணிக்கு அம்மாவும் பெண்ணும் போய் இறங்கினார்கள். டைரக்டர் தமிழ்வேந்தன் சின்ன வயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். லின்சியின் முகவாயைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் திருப்பினார்.

"இப்படி ஒரு புள்ளையத் தேடி நாலு மாசமா அலைஞ்சோமுங்க" என்றார் விமலாராணியிடம். "கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிஞ்சு, கண்ணு மட்டும் பெருசா. மேக்கப்புல கொண்டுவர முடியாதுங்க இது. சோறு திங்காத புள்ளைன்னு பாத்த ஒடனே நம்பணும் பாருங்க."

விமலாராணிக்கு மனசு குளிர்ந்தது. பிள்ளையின் பட்டினியை ஒருவன் வாய் நிறையப் பாராட்டுகிறான், பெற்றவள் பூரித்துப்போய் நிற்கிறாள். அங்கே இருந்த இருபது பேரில் ஒருவருக்காவது சுருக்கென்று இருந்திருக்க வேண்டாமா? லைட் பிடிக்கிறவன் லைட்டைப் பிடித்தான், மேக்கப்காரி மேக்கப் போட்டாள்.

விளம்பரம் இவ்வளவுதான். மெலிந்த பிள்ளை சாப்பிட மாட்டேன் என்று அடம் பிடிக்கும். அம்மா அந்த மாவைப் பாலில் கலந்து கொடுப்பாள். பிள்ளை மடமடவென்று குடித்துவிட்டு, உதட்டை நக்கிக்கொண்டு, "அம்மா, இன்னும் ஒரு டம்ளர்!" என்று கேட்கும். அடுத்த காட்சியில் ஆறு மாதம் கழித்து அதே பிள்ளை உயரமாக, கொழுகொழுவென்று பள்ளிக்கூடத்துக்கு ஓடும். அந்த ஆறு மாதம் கழித்து வருகிற பிள்ளை வேறு. வர்ஷினி என்று பெயர். அவள் ஹாலில் உட்கார்ந்து முட்டை பப்ஸ் தின்றுகொண்டிருந்தாள்.

"எம் புள்ளைக்கு இப்பத்தானுங்க ஆறு முடிஞ்சுது" என்றாள் வர்ஷினியின் அம்மா. "உங்க பாப்பாவுக்கு நாலு இருக்குமுங்களா?"

"ஆமாங்க, நாலுதானுங்க" என்றாள் விமலாராணி, கொஞ்சமும் தடுமாறாமல்.

லின்சி பப்ஸைப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று பழகியிருந்தாள். ஆனால் அவள் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கியது.

அம்மாவாக நடிக்கிறவள் கனிஷ்கா என்ற மாடல் பெண். கல்யாணமே ஆகாதவள், அதனாலோ என்னவோ அம்மா வேடம் அவ்வளவு அழகாகப் பொருந்தியது. மஞ்சள் பருத்திப் புடவை, நெற்றியில் சின்னப் பொட்டு, பாத்திரத்திலிருந்து டம்ளரில் பாலை ஊற்றும்போது கையில் ஒரு பக்குவம். ஊற்றிவிட்டு லின்சியின் தலையை வருடிக் கொடுக்க வேண்டும், அதுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது.

தமிழ்வேந்தன் லின்சிக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார். "கண்ணு, பாலை முழுங்க வேண்டாம் பாத்துக்க. கொஞ்சமா வாயில வாங்கி, கன்னத்துல ஒதுக்கி வெச்சுட்டு வசனத்தச் சொல்லு, கட்டுன்னு சொன்னதும் மேசைக்குக் கீழ பக்கெட்டு இருக்குது, அதுல துப்பிரு. நெறைய தடவை எடுப்போம், வயிறு தாங்காது." விமலாராணி வேகமாகத் தலையாட்டினாள். "துப்பிருவாளுங்க, நல்லாத் துப்புவா" என்றாள்.

முதல் டேக். பாலில் ஏலக்காய் வாசனை வந்தது. லின்சி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அவள் நாக்கில் பால் படுகிறது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், கடைசிச் சொட்டு வரைக்கும் டம்ளரைக் கவிழ்த்துக் குடித்தாள். "அம்மா, இன்னும் ஒரு டம்ளர்" என்றாள். கனிஷ்கா தலையை வருடினாள். மானிட்டருக்குப் பின்னாலிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"அருமைங்க! ஓகே. அடுத்து வர்ஷினி ஸ்கூலுக்கு ஓடற சீன்" என்றார் தமிழ்வேந்தன். உதவியாள் ஒருவன் வந்து டம்ளரையும் பால் பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போனான். லின்சி அந்தப் பாத்திரம் போகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது கேமராக்காரர், ஓரத்தில் நிழல் விழுந்துவிட்டது, இன்னொரு தரம் எடுக்கலாம் என்றார். பாத்திரம் திரும்பி வந்தது. லின்சிக்கு விஷயம் புரிந்துபோயிற்று. சரியாக முடிந்தால் பால் போய்விடும், தப்பாகப் போனால் பால் திரும்பி வரும்.

இரண்டாவது டம்ளரைக் குடித்து முடித்து, கேமராவை நேராகப் பார்த்து, "போதும்மா" என்றாள்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "கண்ணு, போதும்னு சொன்னா எவன் வாங்குவான்?" என்றார் தமிழ்வேந்தன். மூன்றாவது டம்ளர் வந்தது. "போதும்மா." நான்காவது. "போதும்மா." ஐந்தாவது டம்ளரில் சொல்ல வேண்டியதையே மறந்தவள் போல முழித்தாள். அப்படி முழிக்க அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆறாவதைக் குடித்துவிட்டு மறுபடி "போதும்மா" என்றபோது யாரும் சிரிக்கவில்லை. சத்து மாவுக் கம்பெனி ஆள் மணிக்கட்டைப் பார்த்தார். வர்ஷினியின் அம்மா எழுந்து வந்து, "ஏனுங்க, எம் புள்ள வேணும்னா இதையுஞ் சொல்லுவாளுங்க, சித்த மெலிவாக் காட்ட முடியாதுங்களா?" என்று கேட்டாள்.

விமலாராணி எழுந்தாள். "பயந்துபோச்சுங்க சார், ஒரே நிமிஷம்" என்று ஓடினாள். பிள்ளையைத் திட்டக் குனிந்தவள் மேசைக்குக் கீழே பார்த்தாள். பக்கெட் அங்கே இருந்தது. ஒரு சொட்டுகூட ஈரம் இல்லாமல், கடையில் வாங்கின மாதிரி இருந்தது.

இந்த இடத்தில் ஒரு தாய்க்கு என்ன தோன்ற வேண்டும்? என்ன தோன்ற வேண்டுமோ அது அவளுக்குத் தோன்றவில்லை. ஆறு டம்ளர் பால் என்றுதான் தோன்றியது. ஆறு டம்ளர் பாலும் சத்து மாவும் இப்போதே எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருக்கிற மாதிரி அவள் கண்ணுக்குத் தெரிந்தது.

லின்சியின் கையைப் பிடித்துப் பாத்ரூமுக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"எத்தன டம்ளர் முழுங்கின?"

"பசிச்சுதும்மா."

"இத்தன நாள் நாம பட்ட பாட்டையெல்லாம் ஒரே நாள்ல கெடுத்துப்போட்டியேடி! வாயத் தொற."

லின்சி வாயைத் திறந்தாள். சொன்னதைக் கேட்கிற பிள்ளை. விமலாராணி இரண்டு விரலை உள்ளே விட்டாள். குழாயைத் திறந்துவிட்டிருந்ததால் வெளியே யாருக்கும் சத்தம் கேட்கவில்லை. எல்லாம் வெளியே வரும் வரைக்கும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள், மாதா மேல் ஆணையாக அன்பாகத்தான் தடவினாள். பிறகு முகத்தைக் கழுவித் துடைத்து, "இந்தத் தடவை சரியாச் சொல்லோணும். இல்லீன்னா அம்மா இன்னொருக்கா இப்படித்தான் செய்வேன்" என்றாள்.

ஏழாவது டேக். லின்சி டம்ளரைப் பிடித்தாள். பாலை வாய்க்குள் வாங்கினாள். முழுங்கவும் பயம், துப்பவும் மனசில்லை. எதிரே கனிஷ்கா சிரித்தபடி அவள் தலையை வருடினாள். லின்சி அந்த மஞ்சள் புடவையை அண்ணாந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்து நின்றது. முழுங்கினாள்.

"அம்மா" என்றாள், "இன்னும் ஒரு டம்ளர்."

"கட்! அய்யோ, கண்ணுல தண்ணி நிக்குது பாருங்க! இதத்தானுங்க கேட்டேன்!" என்று தமிழ்வேந்தன் துள்ளிக் குதித்தார். கம்பெனி ஆள் எழுந்து நின்று கை தட்டினார். விமலாராணி சுவரில் சாய்ந்து, கழுத்திலிருந்த மாதா சுரூபத்தை முத்தமிட்டு அழுதாள். உதவியாள் டம்ளரை எடுக்க வந்தான். "அம்மா, இன்னும் ஒரு டம்ளர்" என்றாள் லின்சி மறுபடியும். "ஷாட் முடிஞ்சுது பாப்பா" என்று அவன் மீதிப் பாலைத் தொட்டியில் கொட்டினான்.

மதியத்துக்கு மேல் அவர்களைப் போகச் சொன்னார்கள். விமலாராணி பையை எடுத்துக்கொண்டு, "வா கண்ணு, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று கூப்பிட்டாள். லின்சி வரவில்லை. கனிஷ்காவின் புடவைக் கொசுவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். கனிஷ்கா போனில் யாருடனோ பேசிக்கொண்டே ஒரு கையால் விலக்கிப் பார்த்தாள். பிடி விடவில்லை. "இன்னும் கேரக்டர்லயே இருக்குதுங்க பாப்பா" என்றாள் சிரித்துக்கொண்டே. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பொறந்த நடிகை என்றார் தமிழ்வேந்தன்.

விமலாராணியும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தபடி கிட்டே போனாள். குனிந்து, அந்தக் குச்சி விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தாள். லின்சி அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமில்லை, அழுகையில்லை. யாரோ வழி கேட்க வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி, மரியாதையாகச் சொன்னாள்.

"நீங்க போங்க ஆன்ட்டி. நான் எங்கம்மா கூட இருந்துக்கறேன்."